தகவலாளர் எண் ஏழு

சமூகவியல் படித்தால் மனிதர்களைப் புரிந்துகொள்ளலாம் என்று யாராவது சொன்னால் எனக்கு இப்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. நான் படித்தேன். முதல் மதிப்பெண்ணும் வாங்கினேன். மேற்கொண்டு ஆராய்ச்சி செய்ய இடம் கொடுத்தார்கள்; வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். வலிய வந்த சீதேவியைக் காலால் உதைத்தவள் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும். காரணத்தை அவர்களிடம் சொல்ல முடியாது. அந்தக் காரணத்தில் அப்பாவும் இருக்கிறார்.

ஆசைப்பட்டு அந்தப் படிப்பில் சேரவில்லை. கணக்கியல் படித்து ஏதாவது ஆபீஸில் ஏசிக்குக் கீழே உட்கார வேண்டும் என்பதுதான் என் கனவு. அதற்கு மதிப்பெண் போதவில்லை. சமூகவியலில் மட்டும் இடம் காலியாகக் கிடந்தது. பசிக்குப் பனம்பழம் தின்றால் பித்தம் பட்டபாடு படட்டும் என்று போய் உட்கார்ந்தேன்.

ஆறே மாதத்தில் ஆள் மாறிப்போனேன். வீட்டில் யார் கடைசியில் சாப்பிடுகிறார்கள், யார் யாரை 'நீ' என்கிறார்கள், விடிந்ததிலிருந்து நிற்காமல் ஓடும் அம்மாவை எல்லோரும் ஏன் "வீட்டுல சும்மாதான் இருக்கா" என்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகத் தோண்ட ஆரம்பித்தேன். அப்பா எரிச்சல்படவில்லை. சிரித்தார். எனக்குச் 'சமூகம்' என்று பெயரும் வைத்தார். "சமூகம் குளிச்சு முடிச்சாச்சா, நான் போகலாமா?" "சமூகத்துக்கு இன்னொரு ரொட்டி போடு, வாடிப்போய் உக்காந்திருக்கு." அம்மாவுக்கும் அந்தப் பெயர் பிடித்துப்போயிற்று. இரண்டு பேருக்கும் நான் செல்லம்தான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

வகுப்பில் கேட்டவற்றில் என்னைப் பிடித்து உலுக்கியது ஒரே ஒரு விதி. தகவல் சொன்னவரைக் காப்பாற்று. பெயரை மாற்று, எண் கொடு, நோட்டைப் பூட்டி வை. உன்னிடம் சொல்லப்பட்டது உன்னுடையது இல்லை. எங்கள் சொந்தத்தில் ஒருத்தி தும்மினால் மூன்றாவது தெருவில் மருந்து சொல்வார்கள். அப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்தவளுக்கு இந்த விதி எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். யாரும் எதையும் என்னை நம்பிச் சொல்லலாம், அது என்னோடு மண்ணுக்குள் போகும். அப்படி ஒரு மனுஷியாக ஆவதுதான் இனி என் லட்சியம் என்று முடிவு செய்தேன். ஏசி ஆபீஸ் கனவு தானாகக் கழன்று விழுந்தது.

கடைசி வருடம் ஓர் ஆய்வு எழுத வேண்டும். நான் எடுத்துக்கொண்டது ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம். அப்பா அங்கே காலை ஷிஃப்ட்டுக்குச் சூப்பர்வைசர். இருபத்திரண்டு வருட வேலை. அவர் சட்டையைத் துவைக்கச் சோப்பே வேண்டாம், அதிலேயே பிளீச் வாசம் நிரந்தரமாகக் குடியிருக்கிறது என்பாள் அம்மா.

"நம்ம இடத்துலயா?" என்றார் அப்பா. "அழுக்குத் துணியில படிக்கிறதுக்கு என்ன இருக்கு?"

சொன்னாரே தவிர, இரண்டு நாளில் மேனேஜரிடம் அவரே கையெழுத்து வாங்கி வந்தார். நான் ஒரு நிபந்தனை போட்டேன். நான் அவர் மகள் என்பது அங்கே யாருக்கும் தெரியக் கூடாது.

"ஏன், அப்பான்னு சொல்ல வெக்கமா இருக்கா?"

"அதில்லப்பா. சூப்பர்வைசர் பொண்ணுன்னு தெரிஞ்சா வாயைத் திறக்க மாட்டாங்க. தரவு கெட்டுடும்."

"கெட்டுடுமா? பால் மாதிரியா?" என்றார். ஆனால் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அவர் ஐந்து மணி ஷிஃப்ட்டுக்குப் போவார், நான் ஒன்பது மணிக்கு வேறு வாசல் வழியாகப் போவேன். எதிரே வந்தால், "என்னம்மா, எழுதறீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுத் தாண்டிப் போவார். எனக்குச் சிரிப்பு முட்டும். உதட்டைக் கடித்துக்கொள்வேன்.

கூடத்தை நடுவில் ஒரு சுவர் வைத்து இரண்டாகப் பிரித்திருந்தார்கள். ஒரு பக்கம் அழுக்கு, மறுபக்கம் சுத்தம். சுவருக்குள்ளேயே பெரிய பெரிய இயந்திரங்கள். இந்தப் பக்கம் வாயைத் திறந்து வாங்கி அந்தப் பக்கம் துப்பும். சுத்தப் பக்கத்தில் நீராவியும் வெளிச்சமும் இருக்கும். பெண்கள் ஜோடி ஜோடியாக நின்று படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டே வீட்டுக்கதை பேசுவார்கள். அழுக்குப் பக்கத்தில் நீளமான ஓர் இரும்பு மேசை. வார்டிலிருந்து வரும் மூட்டைகளை அதன் மேல் கொட்டிப் பிரிக்க வேண்டும். ரத்தம், சீழ், மலம் எல்லாம் இருக்கும். அவற்றுக்கு ஒரு வாரத்தில் மூக்கு பழகிவிடும். பழகாதது துணிக்குள் ஒளிந்து வரும் பொருட்கள்தான். கத்தரிக்கோல் வரும், பல்செட் வரும், ஒரு முறை கல்யாண மோதிரம் வந்ததாம். ஊசியும் வரும்.

மேசைக்கு எதிரே சுவரில் ஒரு பலகை. 'விபத்து இல்லாத நாட்கள்' என்று எழுதி, கீழே எண் அட்டைகள் மாட்டியிருக்கும். தினமும் காலையில் அட்டையை மாற்றுவது அப்பாவின் வேலை. நான் போன முதல் நாள் அது முந்நூற்று எழுபதைத் தாண்டியிருந்தது.

அந்த மேசையில்தான் எட்டுக்கை அக்கா இருந்தாள். பிரிக்கிற வேகத்தைப் பார்த்து அவர்களே வைத்த பெயர் அது. ஒரு மூட்டையைக் கொட்டினால், மற்றவர்கள் கையுறையைச் சரிசெய்து முடிப்பதற்குள் விரிப்பு ஒரு பக்கம், உறை ஒரு பக்கம், ஆபரேஷன் துணி ஒரு பக்கம் என்று பிரித்து வீசியிருப்பாள். நாற்பது வயது இருக்கும். கணவன் இல்லை, பிள்ளையும் இல்லை. "எனக்கு நானே பெரிய குடும்பம்" என்பாள். என் நோட்டைப் பார்த்து முதல் நாளே சொன்னாள்: "நான் வாயைத் திறந்தா இந்த ஒரு நோட்டு தாங்காதும்மா. இன்னொண்ணு வாங்கிட்டு வா."

பதினோரு பேரிடம் பேசினேன். அக்கா ஏழாவது. ஆகவே அவள் 'தகவலாளர் எண் ஏழு'. எல்லோரும் ஆச்சரியப்படும்படி மனம்விட்டுப் பேசினார்கள். கையுறை கிழிந்திருக்கிறது, காற்றாடி மூன்று மாதமாக ஓடவில்லை, கழிப்பறைக்குப் போக ஐந்து நிமிடம் போதவில்லை. நான் எவ்வளவு நம்பிக்கைக்கு உரியவளாக நடந்துகொள்கிறேன் என்று எனக்கே என்மேல் மதிப்பு வந்தது. இப்போது நினைத்தால் சுவரில் முட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

ஒரு வியாழக்கிழமை. மதியச் சாப்பாட்டு நேரம். அக்கா என்னைப் படிக்கட்டுக்குக் கீழே கூட்டிப் போய் வலது கை ஆள்காட்டி விரலை நீட்டினாள்.

"நேத்து ஒண்ணு ஏறிடுச்சும்மா. நல்லா ஆழமா."

நுனியில் ஒரு சின்னப் புள்ளிதான் இருந்தது. பேனா பட்டதுபோல.

"சூப்பர்வைசர்கிட்ட காட்டினீங்களா?"

"காட்டாம இருப்பேனா? என் விரலைப் பாத்தாரு. போர்டைப் பாத்தாரு. சோப்புப் போட்டு நல்லா கழுவு, ஒண்ணும் ஆகாதுன்னாரு."

கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. நான் அதை முதல் வாரமே நோட்டில் எழுதியிருந்தேன். ஊசி குத்தினால் காமாலைக் கிருமி ரத்தத்தில் ஏறலாம்; உடனே கழுவ வேண்டும், பதிவேட்டில் எழுத வேண்டும், மூன்று நாளுக்குள் மருந்து போட்டுக்கொள்ள வேண்டும். மூன்று நாள் தாண்டினால் மருந்து போட்டும் பெரிய பலன் இருக்காது.

"அக்கா, நீங்க நேரா போய் மருந்து போட்டுக்குங்க."

"பதிவு இல்லாமப் போனா திருப்பி அனுப்பிடுவாங்கம்மா. அவரு எழுதிச் சீட்டு கொடுத்தாத்தான் மருந்து. வெளியில அந்த மருந்து கிடைக்காது."

"அப்ப மறுபடியும் கேளுங்க."

"ரெண்டு தடவை கேட்டாச்சு. நான் கேட்டா எழுத மாட்டாரு." கொஞ்ச நேரம் விரலையே தேய்த்துக்கொண்டிருந்தாள். "வேற யாராவது சொன்னா எழுதுவாரோ என்னமோ." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீ இதை யார்கிட்டயாவது சொல்லுவியா?"

"சத்தியமா மாட்டேங்க்கா. உயிரே போனாலும் உங்க பேர் வெளிய வராது."

அவள் என்னையே பார்த்தாள். "ஓ" என்றாள். சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டு மேசைக்குப் போய்விட்டாள்.

அன்றைக்கு நான் எழுதியதை அப்படியே சொல்கிறேன். 'ரகசியம் காக்கப்படும் என்று உறுதி அளித்ததும் தகவலாளர் எண் ஏழு நிம்மதி அடைந்தார்.'

அப்பா விடியற்காலையில் எழுபவர் என்பதால் சாயங்காலம் ஆறரைக்கே சாப்பிட்டுவிடுவார். அன்றைக்கு நல்ல உற்சாகத்தில் இருந்தார். "போர்டு நானூறைத் தொடப் போகுது" என்று அம்மாவிடம் சொன்னார். "நானூறு ஆச்சுன்னா ஆஸ்பத்திரியில நம்ம கம்பெனி ஒப்பந்தத்தை இன்னும் மூணு வருஷம் நீட்டிக் கொடுக்கறாங்களாம். முப்பது பேருக்கு வேலை நிக்கும்."

நான் எதிரே உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்பா, அந்த அம்மா விரலுக்கு ஒரு வரி எழுதிடுங்களேன். அவ்வளவுதான் சொல்ல வேண்டும். ஏழெட்டு வார்த்தை. சொல்லவில்லை. சத்தியம் செய்திருக்கிறேன், சொன்னால் யார் சொன்னது என்று அப்பாவுக்குத் தெரிந்துவிடும், அக்கா வேலைக்கு ஆபத்து வரும் என்று எனக்கு நானே வகுப்பு எடுத்துக்கொண்டேன். அதெல்லாம் நிஜம்தான். இன்னொன்றும் நிஜம். என் அப்பா அப்படிப்பட்ட ஆள்தான் என்று அவர் வாயாலேயே கேட்க எனக்குப் பயமாக இருந்தது. கேட்காமல் இருக்க ஒரு விதி கையில் கிடைத்தது. பிடித்துக்கொண்டேன்.

அதோடு விடவில்லை. அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு, மேசையில் உட்கார்ந்து எழுதினேன். யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டோம், நாம் உண்மையான ஆய்வாளராகிவிட்டோம் என்று அப்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

வெள்ளி போயிற்று. சனி போயிற்று. பலகையில் எண் மாறிக்கொண்டே வந்து, அடுத்த வாரக் கடைசியில் நானூறு ஆனது. அன்றைக்கு எல்லோருக்கும் கேக் வெட்டிக் கொடுத்தார்கள். அக்காவும் ஒரு துண்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

பிறகு நான் கல்லூரியோடு அடைந்துகொண்டேன். எழுத வேண்டுமே. முதலில் எழுதிய அத்தியாயத்தில், 'மேற்பார்வையாளர் பதிவு செய்ய மறுத்தார்' என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரியை எழுத எனக்கு இரண்டு நாள் பிடித்தது. எங்கள் பேராசிரியை அதன் கீழே பென்சிலால் கோடு போட்டார். அந்த மேற்பார்வையாளர் யார் என்று அவருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை.

"ஒரு ஆளைத் திட்டணும்னா டீக்கடை போதும், சமூகவியல் எதுக்கு?" என்றார். "அவர் ஏன் மறுத்தார்? வேற யாராவது அந்த நாற்காலியில இருந்திருந்தா எழுதியிருப்பாங்களா? அதைப் போய்ப் பாரு."

போய்ப் பார்த்தேன். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இதற்கு முன்னால் சாயங்கால ஷிஃப்ட்டில் இருந்த சூப்பர்வைசர் ஒரே மாதத்தில் மூன்று ஊசிக்காயம் எழுதியிருக்கிறார். ஒப்பந்தக் கம்பெனி அவரை மட்டுமில்லை, அந்த ஷிஃப்ட்டில் இருந்த எல்லோரையுமே வேலையை விட்டு அனுப்பிவிட்டது. இது தெரிந்ததும் எனக்கு நெஞ்சிலிருந்து கல்லை எடுத்து வைத்ததுபோல இருந்தது. அந்த வரியை அடித்தேன். பேனா தானாக ஓடியது. பலகை, ஒப்பந்தம், பயம், கம்பெனி, ஆஸ்பத்திரி என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போனேன். முப்பது பக்கம் வந்தது. எழுதியதில் பொய் ஒரு வரி கிடையாது. அப்பாவும் ஒரு வரியிலும் கிடையாது. அவரை எவ்வளவு அழகாகக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கு மட்டும் தெரியும்.

வகுப்பிலேயே அதிக மதிப்பெண் அதற்குத்தான். கெட்டி அட்டை போட்ட பிரதியை அப்பா பக்கத்து வீடு, எதிர் வீடு என்று ஒன்று விடாமல் காட்டினார். "எல்லாம் தமிழ்தான், ஆனா ரெண்டு பக்கத்துக்கு மேல ஒண்ணும் புரியல. அவ்வளவு பெரிய விஷயம்" என்று பெருமை பேசினார்.

ஆராய்ச்சிக்கு இடம் கொடுத்தார்கள்; அதில் சேரப் பேராசிரியை கையெழுத்துப் போட வேண்டும். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. எழுதியதைத் தகவல் சொன்ன ஒவ்வொருவரிடமும் கொண்டுபோய் வாசித்துக் காட்டி, 'நான் சொன்னது சரியாகத்தான் வந்திருக்கிறது' என்று அவர்கள் சொன்ன பிறகுதான் போடுவார். பத்துப் பேரிடம் வாசித்துவிட்டேன். தலையாட்டினார்கள். ஒருத்தி மட்டும், "நீ இதையெல்லாம் வீட்ல பேசிக்கவே மாட்டியா?" என்று கேட்டாள். ஏதோ கேட்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

ஏழாம் எண்ணைக் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே வந்தேன். சலவைக்கூடத்தில் விசாரித்தபோது அக்கா வேலையை விட்டு நின்று ஐந்து மாதம் ஆகிறது என்றார்கள். "ஈரல் கெட்டுப்போச்சாம்" என்றாள் மடிக்கிற பெண் ஒருத்தி. சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் விரிப்பை உதறினாள். காயம் பட்டு அப்போது எட்டு மாதம் ஆகியிருந்தது.

மூன்றாவது மாடியில் ஒற்றை அறை. லிஃப்ட் கிடையாது. கதவு திறந்தே இருந்தது. எழுந்து வந்து திறக்க முடியாததால் அப்படி வைத்திருக்கிறாள் என்று பிறகு புரிந்தது. கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பாதியாகிவிட்டாள். கண்ணில் வெள்ளை என்று ஒன்று இல்லை, மஞ்சள்தான். வயிறு மட்டும் உப்பியிருந்தது. பக்கத்தில் இருந்த தண்ணீர்ச் சொம்பை இரண்டு கையாலும் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தூக்கினாள்.

"வாம்மா. நாற்காலியில இருக்கிற துணியை எடுத்துக் கட்டில்ல போட்டுட்டு உக்காரு."

உட்கார்ந்தேன். என்ன பேசுவது என்று தெரியாமல், வந்த வேலையைச் சொன்னேன். வாசித்துக் காட்ட வேண்டும்.

"வாசி, கேக்கறேன். எனக்கும் பொழுது போகணுமே."

வாசித்தேன். 'ஊசிக்காயங்கள் பதிவேட்டில் இடம்பெறாமல் போவதற்கு அமைப்பே முதன்மைக் காரணமாக உள்ளது. தகவலாளர் எண் ஏழின் அனுபவம் இதை உறுதிப்படுத்துகிறது.'

"யாரும்மா அது?"

"எதுங்க்கா?"

"அமைப்பு. எந்த ஷிஃப்ட்டு?"

வேடிக்கைக்குக் கேட்கிறாளோ என்று பார்த்தேன். இல்லை. அது ஆள் இல்லை, விதிகளும் ஒப்பந்தமும் சேர்ந்த ஒன்று என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"சரி. ஏழுன்னா நானா?"

"ஆமாக்கா. உங்க பாதுகாப்புக்காகத்தான் பேர் போடல."

"சரிம்மா. உங்க அப்பா எந்த நம்பரு?"

கையில் இருந்த அட்டையை மடியில் வைத்தேன்.

"உங்களுக்கு எப்படி..."

"அந்த மூக்கும் அந்த நடையும் வேற யாருக்கு வரும்? முதல் நாளே தெரியும். எல்லாருக்கும் தெரியும். நீ மறைக்கிறே, அவரும் உன்னை 'வாங்க போங்க'ங்கறாரு. சரி, பாவம், அப்பனும் பொண்ணும் என்னமோ விளையாடறாங்கன்னு விட்டுட்டோம்."

"தெரிஞ்சுமா எல்லாத்தையும் சொன்னீங்க?"

"தெரிஞ்சதனாலதான் சொன்னோம்." அவளுக்கு மூச்சு வாங்கியது. கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். "கிளவுஸ் கிழிஞ்சிருக்குன்னு அஞ்சு பேரு உன்கிட்ட சொன்னாங்களே, எதுக்கு? நீ எழுதி அழகு பாக்கவா? வீட்டுக்குப் போயி அப்பா காதுல போடுவேன்னு. நாங்க நேரா கேட்டா எகிறுவாரு. பொண்ணு சொன்னா கேப்பாரு. உன்னைப் பத்திப் பேசாத நாளே கிடையாது அவருக்கு."

சொம்பை எடுத்து ஒரு வாய் தண்ணீர் குடித்தாள்.

"அன்னைக்கு விரலைக் காட்டி, சொல்லுவியான்னு கேட்டேன். சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டே. அப்புறம் நான் என்ன பண்ணுவேன்?"

"அப்பாகிட்ட சொல்லுன்னு ஒரு வார்த்தை நேரா சொல்லியிருக்கலாமேக்கா."

"நீ அவரு பொண்ணே இல்லைன்னு நிக்கறே. உன்கிட்ட எந்த வாயால கேக்கறது?"

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. அவளுக்குக் கோபப்படத் தெம்பு இல்லை. நான் அழுதேன். அழுகையை அவள் கண்டுகொள்ளவில்லை. முடியட்டும் என்று காத்திருந்தாள்.

"தேதி எழுதி வச்சிருக்கியா?" என்றாள் பிறகு. "எனக்கு ஊசி ஏறின தேதி?"

"இருக்குக்கா. நோட்டுல இருக்கு."

"அதைக் கொண்டுபோய் உங்கப்பாகிட்டக் கொடு. எழுதச் சொல்லு. வேலையில வந்ததுன்னு ஆச்சுன்னா ஆஸ்பத்திரியிலேயே சேத்துப் பாப்பாங்க. வெளியில இதுக்குப் பாத்துக்க என்னால ஆகாது. என் பேரைப் போட்டே எழுதச் சொல்லு, பரவாயில்ல. நம்பர் வேண்டாம்."

வீட்டுக்கு வந்தபோது அப்பா ஷிஃப்ட் முடிந்து, சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு நாற்காலியில் காலை நீட்டியிருந்தார். நான் பூட்டைத் திறந்து, நோட்டைக் கொண்டுவந்து, அந்தப் பக்கத்தை விரித்து அவர் முன்னால் வைத்தேன். எட்டுக்கை அக்கா எப்படி இருக்கிறாள் என்பதைச் சொன்னேன். அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

வியாழக்கிழமைப் பக்கத்தை விரல் வைத்து வாசித்தார். முகம் வெளுத்துக்கொண்டே போனது. படித்து முடித்ததும் பக்கத்தைத் திருப்பினார். திருப்புவார் என்று நான் நினைக்கவில்லை. நிறுத்துவதற்குள் வாசிக்க ஆரம்பித்துவிட்டார்.

"'மாலை ஆறரை மணி. மேற்பார்வையாளர் உற்சாகமாக இருந்தார். மூன்று ரொட்டி சாப்பிட்டார். நான்காவது கேட்டு வாங்கிக்கொண்டார். குற்ற உணர்வு எதுவும் தென்படவில்லை.'" சத்தமாகவே வாசித்தார். பிறகு நிமிர்ந்தார். "இது நான்தானே?"

"ஆமாப்பா."

"நான் சாப்பிடறதையா எண்ணிக்கிட்டு இருந்தே?"

அம்மா சமையலறை வாசலில் வந்து நின்றாள். என்னையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு என்னிடம் பேனா கேட்டார். நான் எழுதியதன் கீழேயே, பதிவேட்டில் எழுதுகிற மாதிரி எழுதினார். தேதி, நேரம், அக்காவின் முழுப் பெயர், எந்த மேசை, எந்த விரல். அதற்கும் கீழே, 'எனக்குத் தெரிவிக்கப்பட்டது, நான் எழுதவில்லை' என்று ஒரு வரி. கையெழுத்து. பதவி.

"இது போதுமான்னு பாரு" என்று நோட்டை என் பக்கம் தள்ளினார்.

போதுமானதாக இருந்தது. பத்து நாளில் அக்காவை ஆஸ்பத்திரியிலேயே சேர்த்துக்கொண்டார்கள். ஈரலில் நல்லபடியாக இருப்பது கொஞ்சம்தான், அதைக் காப்பாற்றப் பார்க்கிறோம் என்றார் டாக்டர். அவளைப் படுக்க வைத்திருப்பது நான்காவது வார்டு. வாரம் இரண்டு நாள் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். என்னிடம் அதிகம் பேசுவதில்லை. தண்ணீர் கேட்டால் கொடுப்பேன். மற்ற நாட்களில், வேலையில் அடிபட்டவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிற ஒரு சங்க அலுவலகத்தில் இருக்கிறேன். பெயர், தேதி, யார் செய்தது எல்லாவற்றையும் முதல் வரியிலேயே எழுதுகிறேன்.

அப்பாவை விசாரணை வைத்து அனுப்பிவிட்டார்கள். ஒப்பந்தமும் போயிற்று. முப்பது பேரில் பாதிப் பேருக்குப் புதுக் கம்பெனியில் வேலை கிடைக்கவில்லை. அப்பா பயந்தது அப்படியே நடந்தது. நான் எழுதிய அந்த முப்பது பக்கத்திலும் தப்பு இல்லை என்றுதான் ஆகிறது.

இப்போது அவர் வீட்டில்தான் இருக்கிறார். ஐந்து மணிக்கு எழுந்து பழகியவர் இன்னமும் எழுந்து, எங்கே போவது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார். என்மேல் கோபப்பட்டு ஒரு சொல் சொன்னதில்லை. போன வாரம் ஒரு மத்தியானம் இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். இரண்டு ரொட்டியோடு நிறுத்திக்கொண்டு, கையைத் தட்டிலேயே வைத்தபடி சொன்னார்.

"அன்னைக்குச் சாப்பிடும்போது நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தா எழுதியிருப்பேன்மா."

எழுந்து கை கழுவப் போய்விட்டார். அது நிஜமா, என்னைக் குத்துவதற்குச் சொன்னதா, இல்லை தன் மனசைத் தேற்றிக்கொள்ளச் சொன்னதா என்று எனக்குத் தெரியவில்லை. குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. திரும்பி வந்ததும் கேட்டுவிடலாம் என்று காத்திருந்தேன். வந்தார். கேட்கவில்லை.